உளுவை சொல்லும் சாட்சி

சுனையில் குஞ்சுமீன் செத்து மிதந்தால், எடப்புளி நாட்டு உழவன் அந்த நீரில் குடத்தை அமிழ்த்துவானா? மாட்டான்! கொல்லிமலை அறிந்த இந்தப் பாடத்தைத்தான், பழவேற்காட்டையும் எண்ணூரையும் காட்டிக் கோட்டையில் அமர்ந்திருப்போருக்குச் சொல்லவேண்டியிருக்கிறது.

ஏன் சிறு மீன்? பெரிய மீன் ஊர்சுற்றி. இன்று காயல், நாளை கடல். உளுவையோ சேற்றையே வீடாகக் கொண்டது, ஆயுளும் குறைவு. ஆகவே அதன் உடலில் ஏறிய ஈயமும் காட்மியமும் அந்த இடத்துக் கணக்கு, அண்மைக் கணக்கு! கடலில் பிறந்து காயலுக்குள் வளரவரும் மடவைக் குஞ்சு வரவில்லையா? முகத்துவாரம் மணலால் தூர்கிறதா என்று பார்க்கவேண்டும். மீனின் காதுக்குள் கிடக்கும் சிறு கல்லில்கூட, மரத்தின் வளையம்போல் அதன் வயது வரிவரியாய்ப் பதிந்திருக்கிறது.

2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் பாய்ந்து எண்ணூர்க் கழிமுகம் கறுத்தது. கூழைக்கடாவின் சிறகில் படிந்த எண்ணெயைப் படம்பிடித்தார்கள், நன்று. சேற்றுக்குள் கிடந்த உளுவையை யார் படம்பிடிப்பார்? முந்தைய மாதம் அங்கே என்ன மீன், எத்தனை இருந்தன என்பது மீனவருக்குத் தெரியும். அதை மாதந்தோறும் ஏட்டில் ஏற்ற ஒரு வலை, ஒரு தராசு, ஒரு மீனவ இளைஞனுக்குச் சம்பளம் போதும். ஆலைக்குக் கோடிகளைக் கொட்டும் சர்க்கார்கள், இதற்கு மட்டும் கைவிரிப்பானேன்?