கழுத்துக் கருப்பு அழுக்கல்ல!

"கழுத்தைப் பாரு, எவ்வளவு அழுக்கு! தேய்ச்சுக் குளிடீ!" என்று மகளைத் திட்டும் அம்மாக்களே, கொஞ்சம் பொறுங்கள். உடம்பு பெருத்த பெண்களுக்குக் கழுத்திலும் அக்குளிலும் தோல் தடித்து, வெல்வெட் துணி மாதிரி கருத்திருந்தால், அது பெரும்பாலும் அழுக்கல்ல. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம். பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்த்தாலும், சிவப்பழகு கிரீம் தடவினாலும் போகாது. மாதவிலக்கும் தள்ளித் தள்ளி வந்தால், டாக்டரிடம் காட்டுவதே நல்லது.

"சுகர் பார்த்தாச்சு, நார்மல்தான்" என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. இன்சுலின் பேச்சை உடம்பு கேட்காதபோது, கணையம் இன்னும் அதிகமாகச் சுரந்து சமாளிக்கிறது. அது களைத்துப்போன பிறகுதான் ரத்தத்தில் சர்க்கரை ஏறும். அதற்குள் பல வருஷம் ஓடிவிடும்.

இன்சுலினின் வேலையைத் துல்லியமாக அளக்க, இன்சுலினையும் குளுக்கோஸையும் மணிக்கணக்கில் நரம்பில் ஏற்றிப் பார்க்கிறார்கள். அது ஆராய்ச்சிக்கூடத்து வேலை. வெறும் வயிற்றில் இன்சுலின், சர்க்கரை இரண்டையும் பார்த்துக் கணக்குப் போடும் முறை 1985-ல் வந்தது. ஆனால் இன்சுலின் அளவு லேபுக்கு லேப் மாறும். டாக்டர் சொல்லாமல் 'பேக்கேஜ்' என்று பணத்தைக் கொட்டுவானேன்?

பெரியவர்களான நமக்கு, முதலில் தையல் டேப் போதும்! 2005-ல் சென்னை டாக்டர் வி.மோகன் குழுவினர் ஒரு மதிப்பெண் கணக்கு வகுத்தார்கள். வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்குச் சர்க்கரை நோய் உண்டா என்ற நான்கே கேள்விகள். 60-ம் அதற்கு மேலும் வந்தால் ஆபத்து அதிகம். ரத்தப் பரிசோதனை அவசியம். பெண்களுக்கு இடுப்பு 80 செ.மீ.-ஐ (சுமார் 31½ அங்குலம்) தொட்டாலே மதிப்பெண் ஏறத் தொடங்கும். புடவைக் கொசுவத்தின் மேல் அளக்காதீர்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்டபின் அளக்க வேண்டும்.

"நாங்கதான் பௌர்ணமிக்குப் பௌர்ணமி 14 கி.மீ. கிரிவலம் போறோமே!" என்பார்கள் எங்கள் ஊர்ப் பெண்கள். புண்ணியத்துக்கு அது சரி. இன்சுலின் ஒழுங்காக வேலை செய்யத் தினமும் அரை மணி நேர நடை வேண்டும்.

மகளைக் 'குண்டு' என்று கேலி பேசுவதை விட்டு, நாளை காலை அவளோடு சேர்ந்து நாமும் நடக்கலாமே, சகோதரிகளே!

- ஒரு வாசகி, திருவண்ணாமலை.