லாரி ஓட்டினாலும் ஆலைத் தொழிலாளியே!

2014-ல் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை மூடப்பட்டது; 2022-ல் மறைமலைநகர் ஃபோர்டு ஆலை. நாற்பதைத் தாண்டிய தொழிலாளி எங்கே போவான்?

"லாரி ஓட்டு" என்கிறார்கள். ஓட்டலாம், 7,500 கிலோ வரையிலான சரக்கு வண்டிக்கு இலகுரக லைசென்ஸே போதும் என்று 2024-ல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. பிள்ளைப்பாக்கத்தில் சரக்கேற்றி ஒரகடத்தில் இறக்கினால், இரவு வீடு திரும்பலாம்.

ஆனால் எஜமானன் யார்? ஆலை காண்டிராக்டரைக் காட்டும்; காண்டிராக்டர் ஆலையைக் காட்டுவான். நடைக்கணக்கில் கூலி என்றால், ஆலை வாசலில் காத்துக்கிடக்கும் நேரத்துக்குக் காசு ஏது? நாளைக்கு 8 மணி நேர வேலை என்று 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வகுத்தது. போராடிப் பெற்ற அந்த உரிமை லாரியில் ஏறியதும் பறிபோகலாமா?

சரக்கு வராவிட்டால் யந்திரம் நிற்கும். அப்படியானால் டிரைவரும் ஆலைத் தொழிலாளியே! தோழர்களே, அவனையும் சங்கத்தில் சேருங்கள்!