பொம்மைக்கு மலை கட்டுவது வேலையற்றவன் வேலையா?

நம் ஊர்ப் பெரியவர்கள் மீது ஒரு வழக்கு தொடுக்கவே இதை எழுதுகிறேன். பிரதிவாதிகளில் பாதிப்பேர் என்னோடு காலை நடைக்கு வருகிறவர்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

விஷயம் இதுதான். எங்கள் தெருப் பையன் ஒருவன், வேலைக்குப் போகிறவன், ஞாயிற்றுக்கிழமைகளில் தெர்மாகோலை அறுத்து இடிந்த கோட்டை, பாலம், பேய்க்காடு என்று செய்கிறான். கட்டைவிரல் உயரம்கூட இல்லாத வீரர்களை அதில் நிறுத்தி, பகடை உருட்டி, நாடாவால் தூரம் அளந்து நண்பர்களோடு போர் ஆடுகிறான். “மீசை முளைத்தவனுக்கு இது ஒரு வேலையா?” என்று அவன் காதில் விழும்படியே கேட்கிறீர்கள்.

கேட்பது யார்? நவராத்திரிக்குக் கொலுப்படி ஓரத்தில் ‘பார்க்’ கட்டிய தலைமுறை நாம். தட்டில் மண் பரப்பி, கேழ்வரகும் கடுகும் தூவி வயல் முளைக்க வைத்தோம். உடைந்த முகக்கண்ணாடியின் ஓரத்தை மணலால் மறைத்துக் குளம் என்றோம். கவிழ்த்த அண்டாவின் மேல் பழைய சாக்கைப் போர்த்தி மலை என்றோம். நாம் செய்தால் பக்தி, அவன் செய்தால் பைத்தியமா?

ஊர்ப் பெயரையே பாருங்கள். திருமுதுகுன்றம், பழமலை, விருத்தாசலம். மூன்றுக்கும் பொருள் பழைய மலைதான். மணிமுத்தாற்றங்கரையில் மலை எங்கே? அது பூமிக்குள் அமிழ்ந்து கோயிலுக்கு அடியில் இருக்கிறது என்பது நம் நம்பிக்கை. காணாத மலையைக் கும்பிடுகிற ஊரில், கண்ணெதிரே மலை கட்டிக் காட்டுகிறவனுக்கு ஏச்சு!

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்தப் பக்கத்துச் சங்கதி இரண்டு சொல்கிறேன். 1668இல் பதினான்காம் லூயியின் அமைச்சர் லூவுவா, எல்லைக் கோட்டை நகரங்களை மரத்திலும் காகிதத்திலும் பட்டிலும் சின்னதாகச் செய்யும் ஏற்பாட்டைத் தொடங்கினார். 600 அடியை 1 அடியாகச் சுருக்குகிற கணக்கு. வீடு, மரம், அகழி எல்லாம் உண்டு. பாரிஸ் இன்வலீதில் அவற்றை இன்றும் பார்க்கலாம். 1913இல் எச்.ஜி. வெல்ஸ், பொம்மைச் சிப்பாய்ப் போருக்கு விதி எழுதி ‘லிட்டில் வார்ஸ்’ என்று புத்தகம் போட்டபோது அவருக்கு நாற்பத்தைந்து வயது தாண்டிவிட்டது. இவர்களெல்லாம் வேலையற்றவர்களா?

இரண்டாவது, மார்செய் நகரத்துக் கதை. பிரெஞ்சுப் புரட்சியில் தேவாலயங்கள் பூட்டப்பட்டு, அங்கே வைக்கும் குடில்கள் இல்லாமல் போயின. அப்போது லாஞெல் என்ற சிற்பி பிளாஸ்டர் அச்சில் களிமண்ணை அழுத்தி மலிவான பொம்மைகள் செய்தார். ஏழை வீட்டுக்கும் குடில் வந்தது. அந்தப் பொம்மைக்கு ‘சாந்தோன்’ என்று பெயர். 1803இல் அதற்கென்றே அங்கே ஒரு சந்தை தொடங்கியது.

பிளாஸ்டர் அச்சு என்றதும் உங்களுக்கு எந்த ஊர் நினைவுக்கு வருகிறது? நம் செராமிக் தொழிற்பேட்டையில் அது தினசரிச் சமாசாரம். களிமண் கூழை அச்சில் ஊற்றினால் அச்சு தண்ணீரை உறிஞ்சும். மண் சுவரோரம் தோல்போலப் படியும். மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட்டால் உள்ளே கூடான பொம்மை. பிசிறு சீவி, சூளையில் சுட்டு, வண்ணம் தீட்டிக் கொலுவுக்கும் குடிலுக்கும் அனுப்புகிறார்கள். பிள்ளையாரை வார்க்கத் தெரிந்த கைக்கு மண்டபமும் மதிலும் படித்துறையும் வார்ப்பது பெரிய காரியமா? அதைக் கேட்டு வாங்க ஆள் வேண்டும். அந்த ஆட்கள் இவனைப் போன்ற பிள்ளைகள்தான். அவர்களையே நாம் ஏசி விரட்டுகிறோம்.

“அந்நிய விளையாட்டு, அதிலும் பேயும் போரும்” என்கிறார் ஒரு நண்பர். நவராத்திரியே ஒரு போரின் கதைதானே? மகிஷனின் எருமைத் தலையைவிடப் பயங்கரம் அவன் மேசையில் ஒன்றுமில்லை.

“காசு விரயம்” என்கிறார் இன்னொருவர். காசு வீரர்களுக்குத்தான். நிலமெல்லாம் டிவி பெட்டியில் வந்த தெர்மாகோல். அதற்குக் கறுப்பு பூசிக் காயவைக்கிறான். பிறகு சாம்பல் சாயம் தொட்ட தூரிகையைத் துணியில் துடைத்து, மேடுகளை மட்டும் லேசாகத் தடவுகிறான். தெர்மாகோல் கருங்கல்லாகிவிடுகிறது! வாசல் உயரம் வீரனுக்குப் பொருந்துகிறதா என்றும் அளக்கிறான். நம் பார்க்கில் கோபுரத்தைவிடப் பெரிய பசு நின்றது, யாரும் கேட்டதில்லை.

உண்மையான விரயம் வேறு. இப்போது பல வீடுகளில் பார்க்கே பெட்டியில் வருகிறது. பிளாஸ்டிக் புல், பிளாஸ்டிக் வேலி, பிரித்து வைத்தால் முடிந்தது. அந்த வீட்டுக் குழந்தைக்கு விரலில் மண் ஒட்டுவதில்லை. நாம் கைவிட்ட வித்தையை ஒருவன் தெரியாமலே காப்பாற்றி வைத்திருக்கிறான்.

வரும் நவராத்திரிக்குப் பேத்தியை உட்காரவைத்து ஒரு மலை கட்டுங்கள். எப்படி என்று மறந்துபோயிருந்தால் அவனைக் கூப்பிட்டுக் கேளுங்கள். கூப்பிடும்போது கொஞ்சம் மரியாதையாகக் கூப்பிடுங்கள்.