முதலில் ஓர் அலுமாரியைச் செய்யட்டும்

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை பிள்ளையை எந்தப் பாடநெறியில் சேர்ப்பது என்ற கேள்வி நம் வர்த்தகர்களின் வீடுகளில் ஆண்டுதோறும் எழுகின்றது. அதற்கு இப்போது கிடைக்கும் பதில்களில் ஒன்று 'த்ரீடி அனிமேஷன்'. கார்ட்டூன் படம் செய்யப் பழகினால் வெளிநாட்டில் வேலை கிடைக்கும் என்று நம்பிப் பெருந்தொகையைக் கட்டணமாகச் செலுத்துகின்றோம்.

மரத்தளபாட வியாபாரி என்ற வகையில் எனது கருத்து இதுதான். முப்பரிமாணக் கலையை நம் பிள்ளைகள் அவசியம் கற்க வேண்டும். ஆனால் அனிமேஷனில் அல்ல, மொடலிங் எனப்படும் உருவமைப்பில் தொடங்க வேண்டும்.

காரணத்தைக் கணக்காகவே பார்ப்போம். திரைப்படத்தில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. பத்து வினாடிக் காட்சிக்கு 240 படங்கள் வேண்டும். சாதாரணக் கணனி ஒரு படத்தை உருவாக்க 2 நிமிடம் எடுத்தால், மொத்தம் 480 நிமிடங்கள், அதாவது 8 மணித்தியாலங்கள். பாத்திரத்தை நடக்கவும் பேசவும் வைக்கும் உழைப்பு இதில் சேராது. லத்வியாவைச் சேர்ந்த கின்ட்ஸ் சில்பலோடிஸின் 'ஃப்ளோ' 2025இல் ஒஸ்கார் வென்றது. ஆனால் 2019இல் வெளியான அவரது முதல் முழுநீளப் படத்தை அவர் தனியொருவராக மூன்றரை ஆண்டுகள் உழைத்தே முடித்தார். மூன்று மாதப் பாடநெறியில் அந்த இடத்தை அடைய முடியாது.

மொடலிங் அப்படியல்ல. புள்ளி, விளிம்பு, முகம் என்ற மூன்றையும் விளங்கிக்கொண்டு, ஒரு பெட்டியை நகர்த்தவும் திருப்பவும் பெருப்பிக்கவும் தெரிந்தால் கடைக்குப் பயனுள்ள வேலையைத் தொடங்கிவிடலாம். ஆரம்பப் பயிலுனர் பலர் டோனட் செய்து பழகுகின்றார்கள். நம் பிள்ளைகள் நம் கடையிலுள்ள அலுமாரியைச் செய்யட்டும். அளவுநாடாவால் அளந்து, அதே அளவில் திரையில் கட்டட்டும். உண்மையான மரத்தில் கத்திபோன்ற விளிம்பு கிடையாது, ஓரங்களைச் சற்று மழுக்கினால்தான் படம் இயல்பாகத் தெரியும் என்பதையும் அப்போதே கற்றுக்கொள்வார்கள்.

இதில் நமக்கென்ன இலாபம்? வாடிக்கையாளர் வாயால் சொல்வதைக் கேட்டு நாம் மரத்தை அறுக்கின்றோம். வேலை முடிந்தபின் "நான் நினைத்தது இதுவல்ல" என்கின்றார். அறுத்த தேக்கை மீண்டும் ஒட்ட முடியாது. அதே அலுமாரியை முன்கூட்டியே திரையில் காட்டி, நிறத்தையும் இறாக்கையின் உயரத்தையும் அவர் சம்மதிக்கும்வரை மாற்றிவிட்டு அறுத்தால் நட்டத்துக்கு இடம் குறைவு. நகை, பொதியிடல், கடை அலங்கரிப்பு ஆகிய தொழில்களுக்கும் இது பொருந்தும்.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாயா, த்ரீடிஎஸ் மெக்ஸ் போன்ற மென்பொருட்களுக்கு வர்த்தகப் பாவனையாளர் சந்தா செலுத்த வேண்டும். அதற்குப் பயந்து திருட்டுப் பிரதிகளைத் தேடுவோர் உண்டு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணனி நிரல்களையும் பாதுகாக்கின்றது என்பதை வியாபாரப் பெயர் வைத்திருப்பவர்கள் மறக்கக்கூடாது. தவிரவும், அதற்குத் தேவையே இல்லை. நெதர்லாந்தின் டொன் ரூசென்டால் உருவாக்கிய ப்ளெண்டர் முற்றிலும் இலவசம். அதை விற்ற நிறுவனம் 2002இல் மூடப்பட்டபோது, பாவனையாளர்கள் ஏழு வாரங்களில் 100,000 யூரோ திரட்டி அதை மீட்டார்கள். அவ்வாண்டு ஒக்டோபர் முதல் அது எல்லோருக்கும் பொதுவான சொத்து. வியாபாரத்துக்குப் பாவிக்கவும் தடையில்லை. 'ஃப்ளோ' படமும் ப்ளெண்டரிலேயே செய்யப்பட்டது.

ஆகவே பாடநெறிக்குப் பணம் கட்டுமுன் நிலையத்தாரிடம் ஒரேயொரு கேள்வியைக் கேளுங்கள்: "பாடநெறி முடியும்போது என் பிள்ளை, எங்கள் கடைப் பொருளொன்றைச் சரியான அளவில் செய்து காட்டுவானா?" ஆம் என்றால், முன்னைய மாணவர்களின் வேலையைக் காட்டச் சொல்லுங்கள். சான்றிதழைப் பற்றி மட்டுமே பேசினால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு, வீட்டுக் கணனியில் ப்ளெண்டரை நிறுவி, நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்கிக் கொடுங்கள். பொறுமையுள்ள பிள்ளைக்கு அதுவே நல்ல தொடக்கம். அனிமேஷன் ஆசை இருந்தால், உருவமைக்கத் தெரிந்த கைக்கு அது பின்னர் வரும்.