திட்ட மேலாண்மைப் பாடம்: நாம் கற்க வேண்டியது என்ன?

பட்டம் பெற்று நான்கைந்து ஆண்டுகள் வேலை பார்த்தபின், சேமிப்பைக் கரைத்து, வார இறுதிகளைத் தியாகம் செய்து எம்.பி.ஏ. படிக்கச் செல்வோர் நம்மிடையே பலர் உளர். அவர்களில் பெரும்பாலோர் விரும்பி எடுக்கும் பாடங்களுள் ஒன்று திட்ட மேலாண்மை. கட்டுமானத் துறையில் பணிபுரிந்துகொண்டே பகுதி நேரமாக அப்பாடத்தைப் படித்தவன் என்ற முறையில், அதன் கற்றல் பேறுகள் எவையாக இருக்க வேண்டும் என்பது பற்றிய என் கருத்தை இங்கு முன்வைக்க விழைகிறேன்.

கற்றல் பேறு என்ற சொல் தமிழ்ப்பள்ளியில் படித்த நமக்குப் புதிதன்று. பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தின் முதல் பக்கத்திலும் அது உண்டு. திட்ட மேலாண்மைப் பாடத்தில் அது பெரும்பாலும் இப்படித்தான் அமைகிறது: மாணவர் கால அட்டவணை தயாரிப்பர், முக்கியப் பாதையைக் கணக்கிடுவர், வரவு செலவுத் திட்டம் வரைவர், இடர்களைப் பட்டியலிடுவர். இவை தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் 1950களின் பிற்பகுதியில் டூபாண்ட் நிறுவனத்தில் உருவான முக்கியப் பாதைக் கணக்கை இன்று கணினி நொடியில் போட்டுத் தருகிறது. அதற்கு மட்டுமா முதுகலைக் கட்டணம்?

2004 ஏப்ரல் 20ஆம் நாளை எண்ணிப் பாருங்கள். சிங்கப்பூரில் நிக்கல் நெடுஞ்சாலை ஓரமாக, வட்டப்பாதை ரயில் தடத்துக்குத் தோண்டப்பட்ட ஆழமான பள்ளம் இடிந்து விழுந்தது. நால்வர் மாண்டனர். தாங்கு கம்பங்களின் இணைப்பு வடிவமைப்பில் பிழை இருந்ததை விசாரணைக் குழு கண்டறிந்தது. அதைவிட நம் சிந்தனைக்குரிய செய்தி ஒன்றுண்டு. பள்ளத்தின் தடுப்புச் சுவர் எதிர்பார்த்ததைவிட அதிகம் வளைவதை அளவீட்டுக் கருவிகள் முன்னரே காட்டியிருந்தன. காரணத்தைத் தேடி வேலையை நிறுத்துவதற்குப் பதிலாக, அனுமதிக்கத்தக்க வளைவின் அளவு உயர்த்தப்பட்டது, வேலை தொடர்ந்தது. அங்கே அட்டவணை இருந்தது, கருவி இருந்தது, படித்த பொறியாளர்கள் இருந்தனர். எச்சரிக்கையை எச்சரிக்கையாக ஏற்கும் பழக்கம்தான் இல்லாமற் போயிற்று.

ஆகவே முதல் கற்றல் பேறாக நான் முன்மொழிவது இது: கெட்ட செய்தியை ஆதாரத்துடன், உரிய நேரத்தில், மேலிடத்துக்குச் சொல்லவும், கீழிருந்து அது வரும்போது செவிமடுக்கவும் மாணவர் பழக வேண்டும். இதைச் சோதிப்பது கடினமன்று. எழுத்தில் 'எல்லாம் சீராக நடக்கிறது' என்றும், எண்களில் அதற்கு மாறாகவும் உள்ள ஒரு மாத அறிக்கையை மாணவரிடம் கொடுங்கள். மேலாளருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதச் சொல்லுங்கள். அடுத்த வாரம் அவரையே மேலாளர் நாற்காலியில் அமர்த்தி, வேறொருவரின் கடிதத்துக்கு முடிவெடுக்கச் சொல்லுங்கள். இடித்துரைப்பவரைத் துணையாகக் கொள்ளும்படி திருக்குறளின் 'பெரியாரைத் துணைக்கோடல்' அதிகாரம் அன்றே வலியுறுத்தியது. அதைத்தான் வகுப்பறைப் பயிற்சியாக்கச் சொல்கிறேன்.

இரண்டாவது பேறு, நேர்மையாக மதிப்பிடுவது. சிட்னி இசை நாடக அரங்கம் 1963இல் 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலரில் முடியும் என்றார்கள். அது 1973இல் 10 கோடியே 20 லட்சம் டாலரில் முடிந்தது. தம் வேலை மட்டும் தடையின்றி நடக்கும் என நம்புவது மனித இயல்பு என்பதைக் கானமன், துவெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1979லேயே எடுத்துக்காட்டினர். மருந்தையும் அவர்களே சொன்னார்கள்: நம் திட்டத்தை மட்டும் பார்த்துக் கணக்கிடாமல், அதைப் போன்ற முந்தைய திட்டங்கள் உண்மையில் எவ்வளவு காலமும் பணமும் எடுத்தன என்று முதலில் பார்க்க வேண்டும்.

மூன்றாவது பேறு, எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதை அறிந்து விட்டுக்கொடுப்பது. பண்டார் உத்தாமாவையும் கிள்ளானையும் இணைக்கும் எல்.ஆர்.டி. 3 திட்டத்தின் செலவு, 2018 ஜூலையில் 3,165 கோடி வெள்ளியிலிருந்து 1,663 கோடியாகக் குறைக்கப்பட்டது. ஆறு பெட்டி ரயில்கள் மூன்று பெட்டிகளாயின. ஐந்து நிலையங்கள் கைவிடப்பட்டன. 2023இல் அந்த ஐந்தையும் மீண்டும் கட்ட அரசு முடிவு செய்தது. 2018இல் செய்தது சரியா தவறா என்று தீர்ப்பளிப்பது என் நோக்கமன்று. மிச்சமான பணம் எவ்வளவு, அதனால் காத்திருக்க நேர்ந்த பயணிகள் யார், பின்னர் கட்டினால் கூடுதல் செலவு என்ன என்ற மூன்றையும் ஒரே தாளில் எழுதிக் காட்டும் ஆற்றல் எம்.பி.ஏ. பட்டதாரிக்கு வேண்டும்.

"இவையெல்லாம் அனுபவத்தில் வருபவை, வகுப்பில் வாரா" என்று சிலர் கூறலாம். அனுபவம் வேறொன்றையும் கற்றுத் தருகிறது. வாயை மூடிக்கொண்டிருப்பதே பதவிக்குப் பாதுகாப்பு என்பதை. வேலை போகாமல், உயிர் போகாமல் உண்மை பேசிப் பழகக்கூடிய இடம் வகுப்பறை ஒன்றே. இத்துறையின் வழிகாட்டி நூலான பிம்பாக்கின் போக்கும் கவனிக்கத்தக்கது. 2017இல் வந்த ஆறாம் பதிப்பு 49 செயல்முறைகளை விளக்கியது; 2021இல் வந்த ஏழாம் பதிப்போ 12 கோட்பாடுகளை முன்னிறுத்தியது.

இளைய தோழர்களே, இதற்காக எம்.பி.ஏ. வரை காத்திருக்க வேண்டியதில்லை. நம் பேரவையின் நாடக விழாவும் பட்டிமன்றமும் இந்த ஆண்டு மலரும் திட்டங்களே. ஆண்டுதோறும் புதிய செயலவை பொறுப்பேற்கிறது. மண்டப வாடகை முதல் விளம்பரம் திரட்டுவது வரை எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து விசாரிக்கிறது. விடைபெறும் செயலவை, போட்ட கணக்கு எவ்வளவு, ஆன செலவு எவ்வளவு, எங்கே இடறினோம் என்று நான்கு பக்கம் எழுதி வைத்துச் செல்லட்டும். அது சிறந்த பயிற்சி. பின்வருவோருக்கு நல்ல கொடையுமாகும்.

முதுகலைக்கு விண்ணப்பிக்கும்போது, பல்கலைக்கழகத்தின் பெயரோடு பாடத்தின் கற்றல் பேறுகளையும் படியுங்கள். 'இவற்றை எப்படிச் சோதிப்பீர்கள்?' என்று தயங்காமல் கேளுங்கள். மூன்று மணி நேர எழுத்துத் தேர்வு மட்டுமே பதிலாக வந்தால், உங்கள் பணத்தையும் வார இறுதிகளையும் வேறிடத்தில் முதலீடு செய்வதே நலம் என்பேன்.