அலையைத் தேடி ஊர் ஊராக!

முதுகில் ஒரு பை. கக்கத்தில் ஆள் உயரப் பலகை. பைக்குள் ரொட்டி, ரப்பர் உடை, ரெயில் டிக்கெட்.

விடுமுறை விட்டதும் ஐரோப்பிய மாணவர்கள் பலர் இந்தக் கோலத்தில் புறப்பட்டுவிடுகிறார்கள். கோட்டை கொத்தளம் பார்க்க அல்ல, அலையைத் தேடி!

எழும்பி வரும் அலைமேல் பலகையைப் போட்டு, அதன்மேல் நின்றபடியே கரையை நோக்கி வழுக்கி வருவதுதான் விளையாட்டு. இங்கிலாந்தின் கார்ன்வாலில் தொடங்கி, பிரான்சு, ஸ்பெயின், போர்ச்சுகல் என்று அட்லாண்டிக் கடலோரமாகவே தெற்கே இறங்குகிறார்கள். அலைக்குக் கட்டணம் கிடையாது. கூடாரம் அடித்தால் படுக்கைக்கும் செலவு குறைவு.

பிரான்சில் இதற்கு வித்திட்டவர் ஒரு சினிமாக் கதாசிரியர். பீட்டர் வியர்டெல் என்ற அமெரிக்கர் படப்பிடிப்பு வேலையாக பியாரிட்ஸ் நகருக்கு வந்தார். அலையைப் பார்த்தார். கலிபோர்னியாவிலிருந்து பலகை வந்து சேர்ந்தது. 1957-ல் ஊரே வேடிக்கை பார்த்தது!

90 நாள் கெடு

ஒரே சீட்டில் பல நாடு சுற்றும் "இன்டர்ரெயில்" திட்டம் 1972-ல் வந்தது. 1995-ல் ஷெங்கன் ஒப்பந்தம் அமலாகி, இந்த மூன்று நாடுகளுக்கு இடையே எல்லைச் சோதனையும் நீங்கியது. மாணவர்களுக்குக் கொண்டாட்டம்!

ஆனால் பிரிட்டன் ஐரோப்பிய யூனியனைவிட்டு விலகியதால், 2021 முதல் ஆங்கிலேய மாணவனுக்குக் கெடு வந்துவிட்டது. 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம். பிரான்சுக் கடலோரத்தில் கோடைக் கூலி வேலை பார்த்து வழிச்செலவைத் தேடிக்கொள்வதும் முன்போல் சுலபமில்லை. வேலை அனுமதி வேண்டும். பக்கத்தில் நிற்கும் ஜெர்மன் மாணவனுக்கு இந்தத் தொல்லை கிடையாது. நல்ல அலை வருவதோ இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும். நாளை எண்ணி எண்ணித்தான் குளிக்க வேண்டியிருக்கிறது!

காணாமற்போன அலை

அலை என்றும் இருக்கும் என்பதும் நிச்சயமில்லை.

ஸ்பெயினில் முண்டாகா என்று ஒரு சிற்றூர். ஆறு கடலில் கலக்கும் இடத்தில் ஒரு மணல்மேடு. அந்த மேட்டில் மோதித்தான் அலை நீளமாகச் சுருள்கிறது. ஊருக்குப் பெயரும் வரும்படியும் கொடுத்தது அந்த அலையே. ஆற்றின் உள்ளே இருந்த கப்பல் பட்டறைக்காக மணலை வாரினார்கள். மேடு நிலைகுலைந்தது. அலையைக் காணோம்! 2005-ல் நடக்க இருந்த உலகப் போட்டி ரத்தாயிற்று. மணல் மெல்லத் திரும்பி வந்தது. 2006-ல் போட்டியும் வந்தது.

போர்ச்சுகலின் நசாரே கதையே வேறு. அது மீனவர் ஊர். கடலுக்கு அடியில் 200 கிலோமீட்டருக்கு மேல் நீண்ட பெரும் பள்ளத்தாக்கு, ஊர் வாசல்வரை வருகிறது. அதனால் குளிர்காலத்தில் அலை மலைபோல் எழும்புகிறது. 2020 அக்டோபரில் ஜெர்மானியர் செபாஸ்டியன் ஸ்டாய்ட்னர் சவாரி செய்த அலையின் உயரம் 86 அடி! தென்னை மரமே மூழ்கிவிடும். 2023 ஜனவரியில் பிரேசிலின் பழுத்த அனுபவசாலி மார்சியோ பிரேரே அங்கேயே உயிரிழந்தார். மாணவர்கள் கலங்கரை விளக்கருகே நின்று பார்ப்பதோடு சரி. அதுதான் புத்தி.

வீடு யாருக்கு?

கடலோர மக்களுக்கும் கோபம் உண்டு. பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விட்டால் லாபம் அதிகம். எனவே பியாரிட்ஸ் பகுதியில் உள்ளூர்க்காரனுக்கு வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. இதற்காக 2023 மார்ச் முதல் கடுமையான விதி ஒன்று அமலில் இருக்கிறது. வீட்டைப் பயணிகள் விடுதியாக்கினால், அதே ஊரில் ஈடாக ஒரு குடியிருப்பை உரிமையாளர் காட்ட வேண்டும். கூடாரத்தில் தூங்கும் மாணவன் இந்த வாடகையை ஏற்றவில்லைதான். ஆனால் ஊர்க்காரர் கண்ணுக்கு எல்லோரும் ஒன்றே!

இதற்கிடையில் கடலும் சும்மா இல்லை. வடக்கே சுலாக் கடற்கரையில் 1967-ல் ஓர் அடுக்குமாடிக் கட்டடம் எழுந்தது. அப்போது அதற்கும் கடலுக்கும் 200 மீட்டர் இடைவெளி. மணலைக் கடல் தின்றுகொண்டே வந்தது. 2014-ல் குடியிருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். 2023-ல் கட்டடத்தையே இடித்துவிட்டார்கள்.