மகனிடமும் பேசுங்கள்

மரக்காணம் உப்பளக் கரையோர ஊர்களில் ஒரு பெண் பூப்பெய்தினால் ஊருக்கே தெரியும். தாய்மாமன் சீர்வரிசையோடு வருவார். மஞ்சள் நீராட்டு நடக்கும். இப்போது பதாகையும் வைக்கிறார்கள். அதே வீட்டில் அவளுடைய அண்ணனுக்குக் குரல் உடைவதை எவரும் பொருட்படுத்துவதில்லை. விழா கண்ட மகளுக்கும் தன் உடலில் நிகழ்வது என்னவென்று பெரும்பாலும் யாரும் விளக்குவதில்லை என்பது வேறு செய்தி. ஆயினும், இருவரில் அதிகம் தனித்துவிடப்படுபவன் மகனே என்பது எங்கள் கருத்து.

பருவமாற்றம் பொதுவாகப் பெண்களுக்கு 8 முதல் 13 வயதுக்குள்ளும் ஆண்களுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் தொடங்குகிறது. உணர்ச்சிகளை எழுப்பும் மூளைப் பகுதிகள் இக்காலத்தில் கூர்மையடைகின்றன. அவற்றை நிதானப்படுத்தும் முன்மூளையோ இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. திடீர்க் கோபத்தையும் அழுகையையும் திமிர் என்று எண்ணிவிட வேண்டாம்.

எங்களிடம் வரும் பையன்கள் வயிற்றுவலி, அசதி என்றே தொடங்குவார்கள். உடன் வந்தவரை வெளியே அமரச் செய்த பின்னரே உண்மை வெளிப்படும்: உறக்கத்தில் விந்து வெளியேறியதை நோயென்று நம்பி, மாதக்கணக்கில் அஞ்சிக் கிடந்திருப்பார்கள். இவ்வச்சம் நம் நாட்டில் பழையது. மனநல மருத்துவர் என்.என்.விக் 1960-இல் இதற்குத் 'தாது நோய்க்குறி' என்று பெயரிட்டார். இதை வைத்துப் பிழைக்கும் லேகிய வியாபாரிகளுக்கும் குறைவில்லை. ஆண்மைக் குறைவைப் போக்குவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் சட்டமே தடை செய்திருக்கிறது. நள்ளிரவுத் தொலைக்காட்சிக்கு அச்சட்டம் எட்டவில்லை போலும். உறக்கத்தில் விந்து வெளியேறுவது இயல்பு. அதனால் உடல் மெலியாது, அறிவு மங்காது. சில பையன்களுக்கு மார்பு சற்றுப் புடைப்பதும் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் தானே வடிந்துவிடும். இவ்வளவையும் சொல்ல ஒரு தந்தைக்குப் பத்து நிமிடம் போதும்.

அந்தப் பத்து நிமிடம் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். உப்பு நன்றாக விளையும் வெயில் காலத்தில்தான் பொதுத்தேர்வும் வருகிறது. பெற்றோர் விடியுமுன் பாத்திக்குச் சென்றுவிட, பிள்ளை பயத்தோடு தனியே இருக்கிறான். விடுமுறையில் உப்பளத்துக்கு உதவியாகச் செல்லும் மகளின் துன்பம் வேறு. ஒதுங்க இடமில்லாத வெட்டவெளியில் மாதவிடாய் நாளைக் கழிக்க வேண்டும். 'புதுயுகம்' திட்டத்தில் அரசு அணையாடை தருகிறது. அதை மாற்றுவதற்கு ஒரு மறைவிடத்தை உப்பளங்களில் அமைத்துத் தருவது உரிமையாளர்களின் கடமை என்று நாங்கள் உறுதியாகக் கருதுகிறோம்.

மகனிடம் தந்தையால் பேச இயலாதெனில் தாய்மாமனோ ஆசிரியரோ பேசலாம். தங்கைக்குச் சீர் கொண்டுவந்தவர் மருமகனோடு கடற்கரையில் சற்று நடந்தால் என்ன?

பெண்ணுக்கு 8 வயதுக்கு முன்போ ஆணுக்கு 9 வயதுக்கு முன்போ மாற்றங்கள் தொடங்கினாலும், 15 வயதாகியும் பெண் பூப்பெய்தாவிட்டாலும், 14 வயதாகியும் ஆணிடம் மாற்றம் எதுவும் தெரியாவிட்டாலும் அழைத்து வாருங்கள். இரண்டு வாரங்களுக்கு மேல் சோர்வு நீடித்தால், உறக்கமும் உணவும் குறைந்தால், நண்பர்களை விட்டு விலகினால் அப்போதும் வாருங்கள். சாவைப் பற்றி விளையாட்டாகப் பேசினாலும் அன்றே வாருங்கள். பிள்ளையைத் தனியே விடாதீர்கள். இரவு நேரமெனில் 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணை அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.